வரைபடத்தில் முளைத்த காடு

(முதுகலை இரண்டாம் ஆண்டு, புவியியல்)

சென்ற ஆண்டு எங்கள் துறை நடத்திய கண்காட்சிக்கு வந்தவர்கள், நுழைவாயிலின் இடப்பக்கச் சுவரில் ஆறடி அகலத்தில் தொங்கிய பழநிமலைப் படத்தை மறந்திருக்க மாட்டார்கள். பார்ப்பதற்கு ஒளிப்படம் போலிருந்தாலும் அது ஒளிப்படம் அன்று. ஒரு நிலப்போர்வை வரைபடத்தையும் ஓர் உயரப் பதிவையும் இணைத்துக் கணிப்பொறியில் நான் ஆக்கியது. அதைப் பாராட்டிய ஆசிரியர்களுக்கும் நண்பர்களுக்கும் நன்றி கூறும் கடமை எனக்கு உண்டு. அந்தப் படம் பெரும்பகுதி தவறானது என்று சொல்லும் கடமையும் உண்டு. இக்கட்டுரையை இரண்டாவது கடமைக்காகவே எழுதுகிறேன். இத்தகைய படங்கள் எவ்வாறு ஆக்கப்படுகின்றன என்பதையும் ஊடே விளக்குகிறேன்; தவறு எங்கே நுழைந்தது என்பதை அப்போதுதான் காட்ட முடியும்.

நிலப்பயன்பாடு, நிலப்போர்வை என்ற இரு சொற்களும் நம் பாடங்களில் சேர்ந்தே வருகின்றன. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. மண்ணின் மேல் என்ன மூடியிருக்கிறது என்பது நிலப்போர்வை. அதை மனிதர் எதற்காக வைத்திருக்கின்றனர் என்பது நிலப்பயன்பாடு. புல் மூடிய இடம் போர்வையால் புல்வெளிதான். பயன்பாட்டால் அது மேய்ச்சல் நிலமாகவும் இருக்கலாம், நம் கல்லூரியின் விளையாட்டுத் திடலாகவும் இருக்கலாம். செயற்கைக்கோளின் கண்ணுக்குப் போர்வை மட்டுமே தெரியும்.

நான் எடுத்துக்கொண்டது ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டுக்கான உலக நிலப்போர்வை வரைபடம். யாரும் விலையின்றிப் பெறலாம். அது நிலத்தை 10 மீட்டருக்கு 10 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திற்கும் 11 வகுப்புகளில் ஒன்றைத் தருகிறது. வகுப்புகளுக்கு எண்கள் உண்டு: மரப்போர்வைக்கு 10, புதர்நிலத்திற்கு 20, புல்வெளிக்கு 30, பயிர்நிலத்திற்கு 40, கட்டடப் பகுதிக்கு 50 என்று போகும். கொடைக்கானலுக்கு மேற்கே, மேல்மலை ஊர்களின் பக்கமாக, 8 கிலோமீட்டருக்கு 8 கிலோமீட்டர் அளவுள்ள சதுரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அதில் மொத்தம் 6,40,000 கட்டங்கள்.

உயரத்திற்கு, 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாட்கள் பூமியைச் சுற்றி ராடார் கொண்டு அளந்த பதிவைப் பயன்படுத்தினேன். ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஓர் உயர எண் அதில் கிடைக்கிறது. இந்த எண்களைக் கணிப்பொறியில் மேடு பள்ளங்களாக எழுப்பி, அவற்றின் மேல் வரைபடத்தைத் துணிபோல் போர்த்தினால் முதல் உருவம் வந்துவிடும். அது ஒன்றும் பெரிய வேலையன்று. ஒரு பிற்பகலில் முடித்தேன். ஆனால் அந்த உருவம் கொலு மேடையில் வைக்கும் காகிதக்கூழ் மலைக்குப் பச்சையும் மஞ்சளும் அடித்தது போலிருந்தது. வண்ணத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொருளை வைத்தால்தான் காட்சி உயிர்பெறும். பச்சைக் கட்டத்தில் மரம், மஞ்சள் கட்டத்தில் புல், நீலக் கட்டத்தில் வானத்தைக் காட்டும் நீர் என்று ஒவ்வொன்றாக வைக்கவேண்டும்.

இங்கேதான் உழைப்பு தொடங்குகிறது. என் சதுரத்தில் ஏறக்குறைய பாதிக் கட்டங்கள் மரப்போர்வை. கட்டத்திற்கு மூன்று மரம் என்று வைத்தாலும் ஒன்பது லட்சத்துக்கு மேல் மரங்கள் வேண்டும். அத்தனை மரங்களையும் தனித்தனியே செய்யக் கணிப்பொறியின் நினைவகம் தாங்காது. ஆகவே ஆறேழு மரங்களை மட்டும் நுணுக்கமாகச் செய்துகொண்டு, அவற்றையே பல லட்சம் இடங்களில் நிற்பதாகக் காட்டவேண்டும். ஒரே அச்சில் வார்த்தவை என்று கண்டுபிடிக்க முடியாதபடி ஒவ்வொன்றையும் சற்றே திருப்பி, சற்றே சிறுத்தும் பெருத்தும், கட்டத்தின் நடுவில் நிற்காமல் விலக்கியும் வைக்கவேண்டும். ஒழுங்காக நட்டால் தென்னந்தோப்பாகிவிடும். ஒழுங்கின்மையை இவ்வளவு ஒழுங்காகச் செய்யவேண்டியிருக்கிறதே என்று இரவில் விடுதியறையில் சிரித்துக்கொண்டது நினைவிருக்கிறது.

இந்த வேலையில் நான் செய்த தவறுகளில் இரண்டை நானே கண்டுபிடித்தேன். பின்னால் வருவோருக்குப் பயன்படும் என்பதால் அவற்றை விரிவாகவே சொல்கிறேன்.

முதல் தவறு சராசரி பற்றியது. வரைபடத்தைப் பெரிதாக்கும்போதும் வேறு அளவுக்கு மாற்றும்போதும், இரு கட்டங்களுக்கு இடையே கணிப்பொறி ஒரு சராசரியைப் போட்டு விளிம்பை மென்மையாக்கும். உயரத்திற்கு இது சரி. 2,000 மீட்டருக்கும் 2,010 மீட்டருக்கும் நடுவே 2,005 மீட்டர் இருக்கத்தான் செய்யும். ஆனால் வகுப்பு எண் அளவன்று, பெயர். மரத்தின் எண் 10, புல்லின் எண் 30; இரண்டின் சராசரி 20. இருபது என்றால் புதர்! என் படத்தில் ஒவ்வொரு சோலையைச் சுற்றிலும் ஒரு புதர் வேலி முளைத்திருந்தது. பழநிமலையில் சோலையும் புல்வெளியும் சந்திக்கும் விளிம்பை நேரில் கண்டவர்களுக்கு இதன் கேடு புரியும். அந்த விளிம்பு கத்தியால் வெட்டியது போலிருக்கும். ஓரடி புல்லில், அடுத்த அடி இருளில். அந்த மலையின் தனித்தன்மையே அதுதான். அதையே கணிப்பொறி மழுப்பிவிட்டது. வகுப்பு வரைபடங்களுக்குச் சராசரியைத் தவிர்த்து, அருகிலுள்ள கட்டத்தின் எண்ணை அப்படியே எடுக்கும்படி கட்டளையிடவேண்டும்.

இரண்டாவது தவறு உயரத்தைப் பற்றியது. விண்ணோடத்தின் ராடார் அலைகள் அடர்ந்த காட்டில் மண்வரை இறங்குவதில்லை. பெரும்பாலும் இலைப்பரப்பிலேயே பட்டுத் திரும்பிவிடுகின்றன. ஆகவே அந்தப் பதிவில் காட்டின் உயரத்தில் ஒரு பங்கு ஏற்கெனவே மலையின் உயரமாகச் சேர்ந்திருக்கிறது. அதன் மேல் நான் மறுபடியும் 15 மீட்டர் மரங்களை நட்டேன். மடுவில் ஒடுங்கியிருக்கவேண்டிய சோலை மேடுபோல் உப்பிக்கொண்டு நின்றது. மரப்போர்வை உள்ள கட்டங்களில் உயரத்தைக் குறைத்த பிறகே மடு மடுவாயிற்று.

மலையின் செங்குத்தைக் கூட்டிக் காட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது. உயரத்தை மட்டும் இரு மடங்காக்கினால் 20 பாகைச் சரிவு 36 பாகையாகிவிடும். மாடு மேயும் சரிவு வரையாடு ஏறும் பாறையாகிவிடும். ஆகவே உள்ளது உள்ளபடி விட்டேன். ஒளி வடமேற்கிலிருந்து விழுவதாக வைத்தேன். மலை நிழல் தீட்டுவோரின் பழைய மரபு அது. நண்பகற் சூரியன் ஆண்டு முழுதும் தெற்கே நிற்கும் ஐரோப்பாவில் பிறந்த மரபானாலும், நமக்கு அது அத்தனை அந்நியமன்று. சித்திரைத் தொடக்கம் முதல் ஆவணி முற்பகுதி வரை இங்கே நண்பகற் சூரியன் உச்சிக்கு வடக்கேதான் செல்கிறது. ஆனி மாத மாலை ஒளி என்று எழுதி வைத்தேன். ஆனி மாதத்தில் அந்த மலையில் மேகத்தைத்தான் பார்க்கலாம் என்று மேல்மலையைச் சேர்ந்த என் வகுப்புத் தோழி பின்னர் சிரித்தார். மேகமும் வைத்திருந்தேன், ஆனால் வேறு காரணத்திற்காக. தொலைவில் மரங்கள் கட்டங்கட்டமாகத் தெரிந்த இடங்களை மறைக்க அங்கங்கே மஞ்சு தவழவிட்டேன். அந்த மஞ்சைத்தான் பலரும் தனியே பாராட்டினார்கள்.

படம் தயாரானது. "பழநிமலைச் சோலைகள்: இயற்கைக் காட்சி" என்று தலைப்பிட்டேன். இரு படிகள் அச்சிட்டோம். ஒன்று கண்காட்சிச் சுவருக்கு. மற்றொன்றை மேல்மலைப் பள்ளி ஒன்றுக்கு அன்பளிப்பாகத் தோழி வழியாக முன்கூட்டியே அனுப்பிவைத்தோம்.

கண்காட்சியின் இரண்டாம் நாள் தோழியின் தாத்தா வந்திருந்தார். வயது எழுபதுக்கு மேல். தோளில் துண்டும் கம்பளிச் சட்டையுமாக, நம் ஊர் வெயிலில் வியர்த்துக்கொண்டு, படத்தின் முன் நெடுநேரம் நின்றார். பாராட்டை எதிர்பார்த்து அருகில் போனேன். ஊரையும் ஓடையையும் சரியாக அடையாளம் சொன்னார். பிறகு படத்தின் நடுவிலிருந்த நீண்ட முகட்டில் விரலை வைத்தார்.

"தம்பி, இந்த மேட்டுல ஏது சோலை?"

"மரம் இருக்கிறதே, தாத்தா. செயற்கைக்கோளில் தெளிவாகத் தெரிகிறது."

"மரம் இருக்குது. யாரு இல்லேங்குறா? அம்புட்டும் வாட்டிலு. நான் கூலிக்குக் குழி வெட்டி வச்ச மரம். அதுக்கு முந்தி இங்க மாடு மேய்ச்சோம். முட்டளவு புல்லு. இது இயற்கைன்னு எழுதியிருக்கியாமே, பேத்தி வாசிச்சுச் சொல்லுச்சு."

எனக்கு மறுமொழி வரவில்லை. அன்றிரவு அந்த வரைபடத்தின் விளக்கக் குறிப்பை முதன்முறையாக முழுதும் படித்தேன். மரப்போர்வை என்ற வகுப்பில் மனிதர் நட்ட தோப்புகளும் அடங்கும் என்று அதில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. உலக அளவில் இந்த வரைபடம் 76.7 விழுக்காடு சரி என்றும் எழுதியிருக்கிறது. அதாவது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு ஐயத்திற்குரியது. வரைபடம் எங்கும் பொய் சொல்லவில்லை. இங்கே மரம் என்று மட்டுமே அது சொன்னது. அந்த இடத்தில் குடைபோல் கவிந்த, செந்தளிர் விட்ட சோலை மரங்களை நட்டவன் நான். வண்ணமாக இருந்தவரை அந்தப் பச்சைக்குப் பல பொருள் இருந்தது. மரமாக மாற்றியவுடன் ஒரே பொருள்தான் நின்றது, அதுவும் என் ஊகம்.

இதில் வெறும் தாவரப் பெயர்க் குழப்பம் மட்டும் இல்லை. பழநிமலையின் மேற்பகுதியில் புல்வெளி தரிசன்று. அதுவே அந்த மண்ணின் பழைய போர்வை. மடுக்களிலும் ஓடைக்கரைகளிலும் சோலை, சரிவுகளிலும் முகடுகளிலும் புல் என்பதே அங்கே இயற்கையின் ஏற்பாடு. பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூக்கும் குறிஞ்சி புல்வெளிச் செடிதான். 2018-இல் பூத்தது, அடுத்து 2030-இல் பூக்கவேண்டும். ஆனால் புல்லை வீண்நிலமாகக் கருதிய காலத்தில், தோல் பதனிட உதவும் பட்டைக்காக வாட்டிலும், விறகுக்கும் கூழுக்குமாகத் தைலமரமும் பைனும் அங்கே நடப்பட்டன. வாட்டில் நட்ட இடத்தோடு நிற்கவில்லை, தானே பரவியது. 1973-க்கும் 2014-க்கும் இடையே பழநிமலையில் நிகழ்ந்த மாற்றங்களைச் செயற்கைக்கோள் பதிவுகளாலும் கள ஆய்வாலும் கணக்கிட்ட ஆய்வு ஒன்று 2018-இல் வெளிவந்தது. இயற்கைச் சோலையில் 31 விழுக்காடு அழிந்திருக்கிறது. புல்வெளியிலோ 66 விழுக்காடு. மலை அழிகிறது என்றால் காடு அழிகிறது என்றே நாம் பேசிப் பழகிவிட்டோம். மரங்கள் பெருகியும் ஒரு மலை அழியலாம் என்பது நமக்கு எளிதில் பிடிபடுவதில்லை. என் படமோ, அழிந்த புல்லின் மேல் நிற்கும் தோப்பைப் பழங்காடு என்று ஆறடி அகலத்தில் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. பள்ளிச் சுவரில் தொங்கும் மற்றொரு படியைப் பார்க்கும் பிள்ளைகள், தங்கள் தாத்தாக்கள் மாடு மேய்த்த இடத்தை எப்போதும் காடாயிருந்த இடம் என்றல்லவா நம்புவார்கள்?

வரைபடத்தைக் கண்டால் எவரும் குறிப்பு எங்கே, அளவு எங்கே என்று கேட்பர். மரமும் மஞ்சும் உள்ள படத்தைக் கண்டால் கேட்பதில்லை. இந்த வலிமையை அறிந்து தொழில் நடத்தியவர் ஒருவர் உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் ஹம்ப்ரி ரெப்டன் என்பார் பெருநிலக்காரர்களின் தோட்டங்களைத் திருத்தி அமைத்துக் கொடுத்தார். செந்நிற அட்டையிட்ட நூல்களில் இப்போதுள்ள காட்சியை வண்ணத்தில் தீட்டி, அதன் மேல் ஒரு மடிப்பை ஒட்டிவைப்பார். மடிப்பைத் தூக்கினால் அவர் ஆக்கித் தரப்போகும் காட்சி தெரியும். கண்டவர் மயங்குவர். ஆனால் ரெப்டன் காட்டியது இனி வரப்போவதை என்பது பார்ப்பவருக்குத் தெரியும். என் படத்தில் தூக்கிப் பார்க்க மடிப்பு இல்லை.

இதற்கு நேர்மாறாக, ஊகத்தை ஊகமென்றே வைத்துக்கொண்டு செய்த ஒரு பெரும்பணி நியூயார்க் நகரில் நடந்தது. எரிக் சாண்டர்சன் என்ற சூழலியலாளர் 1999-இல் தொடங்கி, ஹென்றி ஹட்சன் 1609-இல் வந்தபோது மன்ஹாட்டன் தீவு எப்படியிருந்திருக்கும் என்று ஆராய்ந்தார். ஆங்கிலேயப் படையினர் 1782 வாக்கில் வரைந்த நிலப்படம் ஒன்றில் குன்றுகளும் ஓடைகளும் சதுப்புகளும் நுணுக்கமாக இருந்தன. பழைய படத்திலும் இன்றைய நகரிலும் உள்ள பொதுப் புள்ளிகளைப் பொருத்தி, அதைத் தெருக்களின் மேல் இருத்தினர். இந்த மண்ணில், இந்த ஈரத்தில், இந்தச் சரிவில் எந்த மரம் நின்றிருக்கும் என்று ஒவ்வோரிடத்திற்கும் காரணம் கேட்டுக் கேட்டுத்தான் கணிப்பொறியில் மரம் நட்டனர். அந்தப் படங்களோடு 2009-இல் நூலும் வந்தது. வானளாவிய கட்டடங்கள் நிற்குமிடத்தில் காட்டைக் காட்டும் படங்கள் அவை. ஆயினும் ஒவ்வொரு மரத்திற்குப் பின்னும் ஒரு காரணம் உண்டு. நான் மரத்தை வைத்துவிட்டுக் காரணத்தைத் தேடியவன்.

பொங்கல் விடுமுறையில் தோழியின் ஊருக்குச் சென்றேன். தாத்தாவும், அவர் வயதையொத்த இருவரும் உடன் நடந்தார்கள். கைப்பேசியில் இடக்குறிப்பைப் பதிந்துகொண்டு நூற்றுக்குச் சற்று மேற்பட்ட இடங்களில் நின்று, இது சோலை, இது வாட்டில், இது பைன், இது புல் என்று எழுதிக்கொண்டேன். அவர்கள் என் ஏட்டில் இல்லாத வகுப்புகளையும் சொன்னார்கள். வாட்டில் தோப்பின் நிழலில் சோலைக் கன்றுகள் முளைத்து மார்பளவு நிற்கும் இடம் ஒன்று இருந்தது. அதை எந்த வகுப்பில் சேர்ப்பது? "ரெண்டுங்கெட்டான்னு எழுது" என்றார் ஒருவர். அப்படியே எழுதினேன்.

திரும்பி வந்து, 1973-ஆம் ஆண்டின் லேண்ட்சாட் பதிவை எடுத்தேன். 1972 ஜூலையில் ஏவப்பட்ட முதல் லேண்ட்சாட் அனுப்பியது. அதன் கட்டம் ஏறத்தாழ 80 மீட்டர். என் சதுரம் முழுவதற்கும் பத்தாயிரம் கட்டங்களே தேறின. இன்றைய வரைபடத்தின் 64 கட்டங்களுக்கு அதில் ஒன்று. மங்கலானதுதான். ஆயினும் தாத்தா விரல் வைத்த முகடு அதில் புல்லின் நிறத்திலேயே இருந்தது. அதைக் கண்டபோது, கணிப்பொறி முன் உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்றுவிட்டேன்.

புதிய படத்தை இம்மூன்றையும் கொண்டு செய்தேன். 1973-இல் புல்லாயிருந்து இன்று மரமான கட்டங்களில் சோலை மரத்தை நடவில்லை. களக் குறிப்பு சொன்னபடி வாட்டிலையோ தைலமரத்தையோ பைனையோ வைத்தேன். இரு காலத்திலும் மரமாயிருந்து மடுவிலும் அமைந்த கட்டங்களுக்கே சோலை கிடைத்தது. எந்தச் சான்றும் கைகொடுக்காத கட்டங்கள் எஞ்சின. அங்கே எதையும் நடாமல் வரைபடத்தின் பச்சை வண்ணத்தை மட்டும் விட்டுவிட்டேன். மஞ்சையும் எடுத்துவிட்டேன். மரங்களுக்கிடையே அந்தப் பச்சைத் திட்டுகள் சுவரில் காரை பெயர்ந்தது போல் தெரிகின்றன. காட்சியின் அழகு கெட்டுவிட்டதே என்று எங்கள் பேராசிரியர் வருந்தினார். அவர் கூறியது உண்மை. திட்டுகளை மூட வழியிருந்தால் சொல்லுமாறு கேட்டுக்கொண்டேன். ஒரு வாரம் கழித்து, அப்படியே இருக்கட்டும் என்றார்.

தாத்தாவுக்கு அந்தப் படத்தைத் தோழி எடுத்துச்சென்று காட்டினார். திட்டுகளில் நான்கினை அவர் அடையாளம் சொல்லியிருக்கிறார்: இரண்டு வாட்டில், ஒன்று உருளைக்கிழங்கு போட்டு விட்ட நிலம், ஒன்று சோலை. சோலை என்ற இடத்தை மட்டும் நேரில் பார்த்துவிட்டு நடலாமென்றிருக்கிறேன்.

பள்ளிச் சுவரில் பழைய படம் இன்னும் தொங்குகிறது. அதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டவேண்டும் என்று எழுதியிருந்தேன். பழையதையும் கழற்ற வேண்டாம், இரண்டையும் அருகருகே மாட்டினால் பிள்ளைகளே ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று தலைமையாசிரியர் பதில் எழுதியிருக்கிறார். பழைய படத்தின் தலைப்பை மட்டும் மாற்ற இசைந்துள்ளார். சட்டமிடுவதற்கு அளவு எடுத்து அனுப்பியாயிற்று. தேர்வு முடிந்ததும் புதிய படத்தோடு நாங்கள் இருவரும் மலையேறுகிறோம்.